பரிதவிப்பு போதவில்லை

அழுவதற்கு ஓர் இடம் தேடித்தான் பொத்தான்காரி பிரார்த்தனை மண்டபத்துக்குப் போனாள். வேறு பெரிய எண்ணம் எதுவும் அவளுக்கு இல்லை.

ஆயத்த ஆடை ஆலையில் பதினோரு வருஷமாகச் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் மெஷினில் உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் கணவன் மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் வேலையில் துளைபோடும் இயந்திரம் ஓட்டுபவன். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குச் சுரங்கப் பாதையின் கூரை சரிந்தது. டீ வேளை என்பதால் பெரும்பாலானவர்கள் வெளியே வந்திருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவள் கணவன். இன்னொருவன் விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன்.

வீட்டில் அழ முடியாது. மாமனாருக்கு இதயத்தில் ஏற்கனவே இரண்டு முறை கைவைத்தாயிற்று. அதிர்ச்சி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் அவசர வேலையாக வேறு ஊருக்குப் போயிருப்பதாக அவரிடம் சொல்லிவிட்டு, மீட்டர் பலகையில் டி.வி. லைனின் பியூஸைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அவரோ ஒரு காலத்தில் ரேடியோ மெக்கானிக். டி.வி.யின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதுல ஒரு கோளாறும் தெரியலையேம்மா" என்று மூன்று நாளாக ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தார்.

சுரங்க வாசலிலும் அழ முடியாது. அங்கே கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் இவள். மற்றதில் எலக்ட்ரீஷியனின் மனைவி. கல்யாணமாகி ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. எல்லாரும் அவளைச் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். முதல் நாளே அவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்: "அக்கா, நான் உங்க முகத்தைப் பாத்துத்தான் உக்காந்திருக்கேன். நீங்க அழுதீங்கன்னா நான் அவ்வளவுதான்."

அதனால் அழுகை தொண்டையிலேயே நின்றுவிட்டது. சோறு இறங்கவில்லை. எச்சில்கூட இறங்கவில்லை. புதன்கிழமை மதியம், "இதோ வந்துடறேன்" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மண்டபத்தின் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெரிய பலகை: 'மேம்பாட்டுப் பணிகள் காரணமாக மண்டபம் மூடப்பட்டுள்ளது. பிரார்த்தனை வழக்கம்போல் நடைபெறும்.'

இரண்டு முறை படித்துவிட்டுக் காவலாளியிடம் கேட்டாள். "எங்க நடைபெறும், அண்ணே?"

"அதை எங்களுக்குச் சொல்லலம்மா."

"ஒரு அஞ்சு நிமிஷம். ஒரு மூலையில சும்மா உக்காந்துட்டுப் போயிடறேன்."

"சும்மா உக்காரவா?" காவலாளி நிஜமாகவே வருத்தப்பட்டான். "அந்த வசதியை எடுத்துட்டாங்களே! மாதிரிப் பக்தர்களை மட்டும்தான் இப்ப உள்ள விடறோம்."

விஷயம் இதுதான். மண்டபத்தை வழிபாட்டு மேம்பாட்டுத் துறை எடுத்துக்கொண்டிருந்தது. மக்கள் கண்ணை மூடிக்கொண்டு இஷ்டத்துக்குப் பிரார்த்தனை செய்வதால் என்ன கேட்கிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள், கேட்டது போய்ச் சேர்ந்ததா என்ற எந்தத் தகவலும் அரசாங்கத்திடம் இல்லை. அதைச் சரிசெய்ய ஒரு பிரார்த்தனை உதவி இயந்திரத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டது.

பேச்சுக் குரல் கேட்டு வடிவமைப்பாளர் வெளியே வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் அடையாள அட்டை, குரலில் மருத்துவமனைப் பணிவு.

"என்னம்மா வேண்டுதல்?"

சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஒரு வெளிச்சம் வந்தது. உள்ளே திரும்பி, "சார், கிடைச்சாச்சு!" என்று கத்தினார். பிறகு இவளிடம், "தப்பா நினைக்காதீங்க. நாலு மாசமா எங்க ஆபீஸ் ஆளுங்களையே உக்கார வச்சுச் சோதிக்கிறோம். எல்லாரும் பதவி உயர்வு கேக்கறாங்க. மெஷினும் அதையே கத்துக்கிடுச்சு. யார் வந்து உக்காந்தாலும் பணிமூப்பு எத்தனை வருஷம்னுதான் முதல்ல கேக்குது. நிஜமான பரிதவிப்போட ஒருத்தர்கூட வரல. நல்லவேளை, உங்களுக்கு இப்படி ஆச்சு" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. "அதாவது, நல்லவேளை நீங்க வந்தீங்க" என்று திருத்திக்கொண்டார்.

செல்போனை வாங்கி லாக்கரில் பூட்டினார்கள். உள்ளே, பழைய மர பெஞ்சுகள் எல்லாம் போய்விட்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு நாற்காலி, முன்னால் ஒரு திரை. அவள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். தலையில் வயர் தொங்கும் தொப்பி ஒன்றை மாட்டினார்கள். நாற்காலிக்கு அடியிலும் ஏதோ இருந்தது. அசைந்தால் கீச்சென்றது.

வடிவமைப்பாளர் படிவத்தை எடுத்தார். "கடவுள் மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கைம்மா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"என்னங்க இது... இருக்கு."

"இருக்குன்னு போட இதுல கட்டம் இல்ல."

"அப்ப அஞ்சு போட்டுக்குங்க."

அவர் யோசித்தார். "இப்பவே அஞ்சு போட்டா, மெஷினால எவ்வளவு கூடிச்சுன்னு எங்களால காட்ட முடியாது. மூணு போட்டுக்கறேன். முடிஞ்சப்புறம் அஞ்சு ஆக்கிடலாம்."

அடுத்தது வகை. திரையில் உடல்நலம், கல்வி, திருமணம், பதவி உயர்வு, பயணம் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. மண்ணுக்குள் கிடக்கிறவர்களுக்குக் கட்டம் இல்லை. உடல்நலம் என்று போடலாமா என்று கேட்டாள். நோயாளி எண் இருந்தால்தான் அது ஏற்குமாம். கடைசியில், "ரயில் பாதைதானே? பயணத்துல போட்டுடலாம்" என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

திரை இனிமையான பெண் குரலில் பேசியது. "தங்கள் பயணம் இனிதாக அமையட்டும். புறப்படும் இடம்?"

பொத்தான்காரி வடிவமைப்பாளரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

"மலைக்குள்ள" என்றாள்.

"சேருமிடம்?"

"வீடு." அந்த ஒரு சொல்லில் குரல் உடைந்துவிட்டது. மணிக்கட்டுப் பட்டை பச்சையாக மின்னியது. வடிவமைப்பாளர் உதவியாளரைத் தட்டிக் காட்டினார்.

கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினாள். இருட்டில் அவன் முகம் மெல்ல வரத் தொடங்கியது. நெற்றியில் சிமெண்ட் தூள் படிந்த முகம். அதற்குள், "நீங்கள் இன்னும் பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறீர்களா? ஆம் எனில் திரையைத் தொடவும்" என்றது குரல். தொட்டாள். மறுபடி மூடினாள். முகம் வந்தது. முப்பது விநாடியில் குரலும் வந்தது.

"ஆள் தூங்கிட்டா மெஷினுக்குத் தெரியணும் இல்லையா, அதுக்காகத்தான்" என்று விளக்கினார் வடிவமைப்பாளர். "மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிட்டே இருங்கம்மா. உள்ளுக்குள்ள நினைச்சா எங்களுக்குப் பதிவாகாது."

ஆறாவது முறை அந்தக் குரல் கேட்டபோது அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. மூன்று நாளாகத் தொண்டையில் நின்றது மொத்தமாக வெளியே வந்தது.

"உனக்குக் கண்ணு இல்லையா? மண்ணுக்குள்ள கிடக்கறாரே, ஒரு வாய்த் தண்ணி போச்சா? நாங்க யார் குடியைக் கெடுத்தோம்? எத்தனை மலையைக் குடைஞ்சாரு, ஒரு நாளாவது உன்னை மறந்து உள்ள போயிருப்பாரா? பக்கத்துல உக்காந்திருக்கற அந்தச் சின்னவ முகத்தை நான் எப்படிப் பாப்பேன்? என் மாமனார்கிட்ட என்னத்தைச் சொல்லுவேன்? கேக்குதா உனக்கு?"

கன்னத்தில் வழிந்த கண்ணீர் மணிக்கட்டில் சொட்டிப் பட்டை ஒரு முறை அணைந்து எரிந்தது. பிறகு குரல் சொன்னது: "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எதிர்த்தரப்பு: கடவுள். விசாரணை: வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி."

"ஐயோ, நான் புகார் சொல்லலைங்க. கும்பிட்டேன்."

வடிவமைப்பாளர் திரையைச் சுட்டிக்காட்டினார். "ஏழு கேள்விக்குறி வந்திருக்கும்மா. பிரார்த்தனைக்கு ரெண்டு வரைக்கும்தான் அனுமதி. அதுக்கு மேல போனா புகார்னுதான் எடுத்துக்கும்."

"அப்ப அழிச்சுட்டுத் திரும்பக் கும்பிட்டுக்கறேன்."

"முடியாதே. புகார் நிலுவையில இருக்கற வரைக்கும் அதே எதிர்த்தரப்புகிட்ட புதுப் பிரார்த்தனை வைக்கக் கூடாது. விதி." ஆறுதலாகச் சொன்னார்: "ரெண்டு நாள்தானே. பொறுத்துக்குங்க."

வியாழக்கிழமை முழுவதும் பொத்தான்காரி கயிற்றுக்குப் பின்னால் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துறைக்கு அப்படி ஓர் அதிகாரம் இருக்காது என்றுதான் புத்தி சொன்னது. ஆனால் இருந்துவிட்டால்? தெரியாமல் ஒரு தடவை கும்பிட்டு, அதனால் அங்கே காரியம் கெட்டுவிட்டால்? கடவுளே என்று வாய்வரை வந்ததை நாலைந்து முறை கடித்து விழுங்கினாள். மலைக்குள் துளையிடும் சத்தம் விடாமல் கேட்டது.

"கும்பிட்டீங்களா அக்கா?" என்றாள் சின்னவள்.

"ம்."

"என் வீட்டுக்காரருக்கும் சேத்துத்தானே?"

"ம்" என்றாள். சுரங்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தில் துறைத் தலைவரே வந்திருந்தார். கூடவே புகைப்படக்காரர், இரண்டு குமாஸ்தா, ஒரு தட்டு நிறைய பிஸ்கட். தலைவர் எழுந்து பேசினார். எதிரே இருந்த பொதுமக்கள் பொத்தான்காரி ஒருத்திதான் என்றாலும் அவர் மைக்கில்தான் பேசினார்.

"ஆதிகாலம் தொட்டு மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையில் எவருமே இருந்ததில்லை. இது எவ்வளவு பெரிய நிர்வாகக் குறைபாடு! அந்த இடைவெளியில் போய் நிற்கத்தான் நமது துறை பிறந்தது. கடவுள் பதில் சொல்கிறாரா என்று சிலர் கேட்கிறார்கள். நான் அடித்துச் சொல்கிறேன். பதில் வருவது முக்கியமல்ல. கேள்விக்கு ஒரு வரிசை எண் தரப்பட்டதா என்பதுதான் முக்கியம். இந்த ஆண்டில் மட்டும் நாம் நாலாயிரம் வரிசை எண்கள் தந்திருக்கிறோம். இதற்கு முன் இருந்த எந்த மதமும் செய்யாத சாதனை இது!"

குமாஸ்தாக்கள் கைதட்டினார்கள். பொத்தான்காரியும் தட்டினாள். தட்டாவிட்டால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான்.

விசாரணை சுலபமாக முடிந்தது. எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். புகாரைத் திரும்பப் பெற்றால் மறுபடி பிரார்த்திக்கலாம் என்றார்கள். ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள். தொப்பியை மாட்டினார்கள். புகைப்படக்காரர் கிட்டே வந்தார்.

"அன்னைக்கு அழுதீங்க பாருங்க, அதே மாதிரி" என்றார் வடிவமைப்பாளர். "தலைவர் அதைப் பாக்கணும்னுதான் வந்திருக்கார். கேள்விக்குறி மட்டும் வராம பாத்துக்குங்க."

கண்ணை மூடினாள். எதுவும் வரவில்லை. அவன் முகமும் வரவில்லை. கேமரா வெளிச்சத்தில் இமைக்குள் வெறும் சிவப்புதான் தெரிந்தது. "காப்பாத்து" என்றாள். "காப்பாத்து சாமி." குரல் கட்டைபோல் வந்தது. தலைவர் பிஸ்கட்டைக் கடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அழுகையே வா, வா என்று தனக்குள் கெஞ்சினாள். தொடையைக் கிள்ளிக்கொண்டாள். நாற்காலி கீச்சென்றது.

"பரிதவிப்பு போதவில்லை" என்றது குரல். திரைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு வந்து விழுந்தது. 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.'

"ஒருவாட்டி, இன்னும் ஒரே ஒருவாட்டி" என்று அவள் வடிவமைப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை நல்லா அழறேன். கொஞ்சம் அவகாசம் குடுங்க."

தலைவர் கிளம்பிவிட்டார். தொப்பியைக் கழற்றினார்கள். லாக்கரிலிருந்து செல்போன் கைக்கு வந்தபோது அதில் பதினெட்டு அழைப்புகள் தவறியிருந்தன. பத்தொன்பதாவது அவள் கையிலேயே அடித்தது.

"அக்கா, எங்க போனீங்க?" சின்னவள் கத்தினாள். "அண்ணனை எடுத்துட்டாங்க! உசுரோட! மேல விழுந்த பாறையை மெஷினோட கை தாங்கிக்கிச்சாம். கால் மட்டும்தான் போச்சு. சீக்கிரம் வாங்க!"

மருத்துவமனையில் அவன் கண் திறந்ததும் முதலில் தண்ணீர் கேட்டான். பிறகு அவளைக் குனியச் சொல்லிக் காதோடு சொன்னான்: "அவன் எனக்கு அந்தப் பக்கம் கிடந்தான். நடுவுல பாறை. பேசிக்கிட்டே இருந்தோம். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் குரல் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் நிமிர்ந்தாள். வார்டு வாசலில் சின்னவள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் சிரித்தாள். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று அவளுக்கே தெரியாது.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"தோண்டுறாங்கன்னாரு. எடுத்துடுவாங்கன்னாரு."

மறுநாள் காலை ஊரெல்லாம் சுவரொட்டி. தொப்பி மாட்டிக் கண்ணை மூடியிருக்கும் பொத்தான்காரியின் முகம் ஆள் உயரத்துக்கு. கீழே, 'பதிவு செய்தார். கணவர் வந்தார். வழிபாட்டு மேம்பாட்டுத் துறை.' மண்டப வாசலில் தொடங்கிய வரிசை தபால் நிலையத்தைத் தாண்டி நின்றது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவுக்காக வந்தவர்கள், காணாமல் போன அண்ணனுக்காக வந்தவர்கள், எக்ஸ்ரேயைக் கையில் சுருட்டிப் பிடித்தவர்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்ததைத் தவிர ஐந்து நாளாகக் கயிற்றை விட்டு நகராத சின்னவளும் அந்த வரிசையில் நிற்பதாகக் கேள்விப்பட்டு, பொத்தான்காரி ஓடினாள்.

"எந்தப் பொத்தானை அழுத்தினீங்க அக்கா?" என்று சின்னவள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நான் எதையும் அழுத்தலடி. இது பொய். இங்க பாரு." கைப்பைக்குள் கசங்கிக் கிடந்த சீட்டை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். "என் பிரார்த்தனையை இவங்க ஏத்துக்கவே இல்லை. தள்ளுபடி பண்ணிட்டாங்க. படிச்சுப் பாருங்க!"

முன்னால் நின்ற கண்ணாடிக்காரர் சீட்டை வாங்கி உரக்கப் படித்தார். நாள், நேரம், நிராகரிக்கப்பட்டது. மெதுவாக நிமிர்ந்து கேட்டார்: "உங்க வீட்டுக்காரரை எடுத்தது எத்தனை மணிக்கு?"

"மூணே முக்காலுக்கு."

"தள்ளுபடி மூணு முப்பத்தெட்டு." அவர் சீட்டைத் தலைக்கு மேல் உயர்த்தினார். "அப்ப தள்ளுபடி ஆனாத்தான் நடக்குது!"

ஒரே விநாடி. அடுத்து, வரிசை மொத்தமும் குலைந்து விண்ணப்பப் பிரிவின் ஜன்னலைப் பார்த்து ஓடியது. எக்ஸ்ரேக்கள் காலடியில் மிதிபட்டன. "எனக்கு முதல்ல தள்ளுபடி பண்ணுங்க!" என்று ஒரு தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். வடிவமைப்பாளர் வெளியே வந்து பார்த்தார். பயப்படவில்லை. "நாம திட்டமிடாத ஒரு பயன்பாடு!" என்று பூரித்துப்போய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பகல் பன்னிரண்டு மணிக்குள் நிராகரிப்புக்கென்று தனிக் கவுண்டர் திறந்தாயிற்று.

சின்னவளும் அங்கே ஓடப் பார்த்தாள். பொத்தான்காரி அவள் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம். வா, நாம அங்கயே போய் உக்காருவோம்."

"விடுங்க அக்கா! உங்களுக்குத்தான் கிடைச்சாச்சே!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் விடவில்லை. கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனாள். அந்த நாள் முழுவதும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில், வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை மாமனார் வந்தார். தள்ளாடித் தள்ளாடி, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு. டி.வி. இல்லாவிட்டால் என்ன, தெருவெல்லாம் மருமகள் முகம்தானே ஒட்டியிருக்கிறது. பாட்டிலைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கல் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் துளையிடும் சத்தம் நின்றது. போர்வை போர்த்திய படுக்கை ஒன்றை நாலு பேர் வெளியே தூக்கி வந்தார்கள். அவசரம் இல்லாத நடை. சின்னவள் எழுந்து நின்று அந்த நடையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். சின்னவளின் வீட்டில் அவளும் பொத்தான்காரியும் மட்டும் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. வடிவமைப்பாளர். இறந்த வீட்டுக்கு ஏற்ற முகத்தோடு ஓர் உறையை நீட்டினார். சின்னவள் பிரித்துப் படித்தாள்.

'தங்கள் கணவர் பெயரில் எங்கள் பதிவேட்டில் எந்தப் பிரார்த்தனையும் இல்லை. தாங்கள் சனிக்கிழமை வரிசையில் நின்று, தங்கள் முறை வருமுன் தாங்களாகவே விலகிச் சென்றது கண்காணிப்புக் கேமராவில் உறுதியாகியுள்ளது. எனவே, நடந்த நிகழ்வுக்குத் துறை பொறுப்பாகாது. ஆழ்ந்த இரங்கல்.'

அவள் தாளை மடியில் வைத்தாள். "அக்கா" என்றாள். "நான் அந்த வரிசையில நின்னிருந்தா?"

"இல்லடி."

"நீங்க இழுக்காம இருந்திருந்தா?"

"இல்லடி. சொன்னா கேளு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு மூணு பேர்தான் முன்னால இருந்தாங்க. இன்னும் மூணே பேர் அக்கா."

இனி வாழ்நாள் பூராவும் இவள் அந்த மூன்று பேரை எண்ணிக்கொண்டே கிடப்பாள் என்பது பொத்தான்காரிக்குத் தெரிந்தது. சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"புதன்கிழமையே அவன் குரல் நின்னுபோச்சு. அவர் சொன்னாரு. ஆஸ்பத்திரியில, என் காதுல. நீ வரிசைக்குப் போனப்ப அவன் போய் மூணு நாளாச்சு."

சின்னவள் அவளையே பார்த்தாள். "தெரிஞ்சுக்கிட்டேவா என்னை அங்க கொண்டுபோய் உக்கார வச்சீங்க? தெரிஞ்சுக்கிட்டேவா சிரிச்சீங்க?"

"ஆமா."

சின்னவள் அடித்தாள். முதலில் தோளில், பிறகு மார்பில், முகத்தில், கை போன இடத்தில் எல்லாம். பொத்தான்காரி தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்த கை கடைசியில் அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. இருவரும் வாய்விட்டு அழுதார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிடும் அளவுக்கு.

"மன்னிக்கணும்" என்று வாசலிலிருந்து ஒரு குரல். வடிவமைப்பாளர் இன்னும் அங்கேயே, பேனாவை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். "கடிதம் கிடைச்சதுன்னு ஒரே ஒரு கையெழுத்து. ரெண்டு பேர்ல யார் போட்டாலும் சரி."

பொத்தான்காரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும்போது ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. குறிப்பேட்டைச் சுவரில் வைத்து, நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவதை மெல்ல வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது.

"பெறுநர் கையொப்பமிட மறுத்துவிட்டார். காரணம் தெரியவில்லை."